தேவைப் பொறியியல் செயல்முறை மேம்பாட்டின் வரலாறு

தேவைப் பொறியியல் என்பது ஒரு மென்பொருள் என்ன செய்ய வேண்டும், எந்தக் கட்டுப்பாடுகளுக்குள் இயங்க வேண்டும் என்பவற்றைக் கேட்டறிந்து, ஆய்ந்து, ஆவணப்படுத்தி, சரிபார்த்து, பின்னர் வரும் மாற்றங்களையும் நிர்வகிக்கும் துறையாகும். வினாவைத் தவறாகப் புரிந்துகொண்டு எழுதிய விடை எவ்வளவு அழகாக இருந்தாலும் மதிப்பெண் பெறாது. தேவையைத் தவறாக அறிந்து எழுதிய மென்பொருளின் நிலையும் அதுவே.

தொடக்கம்

1968 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஆதரவில் ஒரு மாநாடு நடந்தது. மென்பொருள் திட்டங்களின் காலதாமதமும் செலவு மிகுதியும் அங்கு விவாதிக்கப்பட்டன. 1970 இல் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரை, தேவைகளை வரையறுப்பதை நிரலாக்கத்துக்கு முந்திய தனிக் கட்டமாகக் காட்டியது. வாடிக்கையாளரை இடையிடையே ஈடுபடுத்த வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார்.

1978 இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் டேவிட் பார்னாஸ் உள்ளிட்ட குழுவினர், ஏ-7 போர் விமானத்தின் மென்பொருளுக்குத் தேவை ஆவணம் ஒன்றை உருவாக்கினர. மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதை அட்டவணைகளாக எழுதி, எதிர்காலத்தில் வரக்கூடிய மாற்றங்களையும் பட்டியலிட்டது அதன் சிறப்பு. 1984 இல் ஐ.இ.இ.இ. அமைப்பு, தேவை ஆவணம் எழுதுவதற்கான 830 எண் கொண்ட வழிகாட்டியை வெளியிட்டது.

இலண்டன் தந்த பாடம்

இலண்டன் ஆம்புலன்ஸ் சேவையில் அழைப்புகளைத் தாளில் குறித்துக்கொண்டு வண்டிகளை அனுப்பும் முறை இருந்தது. அதற்கு மாற்றாக 1992 அக்டோபர் 26 அன்று கணினி முறை நடைமுறைக்கு வந்தது. வண்டிகளின் இருப்பிடம் எப்போதும் சரியாகத் தெரியும் என்ற எதிர்பார்ப்பில் அது அமைந்திருந்தது. நடைமுறையில் தகவல்கள் பிழைபட்டதால் ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகள் செல்வதும், நோயாளிகள் நெடுநேரம் காத்திருப்பதும் நேர்ந்தன. மறுநாளே ஓரளவு பழைய முறைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. நவம்பர் 4 அன்று கணினி முறை முற்றிலும் நின்றது. 1993 இல் வெளியான விசாரணை அறிக்கை, குறுகிய காலக்கெடுவையும், ஆம்புலன்ஸ் ஊழியர்களின் பங்கேற்பு போதாமையையும் சுட்டிக்காட்டியது. வண்டியை ஓட்டுபவரைக் கேளாமல் எழுதிய தேவைகள், தெருவில் நடப்பதைப் பிரதிபலிக்கவில்லை.

செயல்முறை மேம்பாடு

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனம் 1991 இல் ஐந்து நிலைகள் கொண்ட திறன் முதிர்ச்சி மாதிரியை வெளியிட்டது. இரண்டாம் நிலையை எட்டவே தேவை மேலாண்மை கட்டாயம் என்று அது வகுத்தது. ஆனால் தேவைகளை எப்படிக் கேட்டறிவது என்பதை அது விரிவாகக் கூறவில்லை.

அக்குறையை நிரப்ப இயன் சாமர்வில், பீட் சாயர் இருவரும் 1997 இல் நூலொன்றை வெளியிட்டனர். அதில் 66 நல்நடைமுறைகள் உள்ளன. அவற்றுள் 36 அடிப்படை, 21 இடைநிலை, 9 உயர்நிலை. ஒவ்வொரு நடைமுறையும் நிறுவனத்தில் எந்த அளவு வேரூன்றியுள்ளது என்பதற்கேற்ப 0 முதல் 3 வரை மதிப்பெண் இடலாம். இதனால் ஒரு நிறுவனம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாமல், அடிப்படைக் குறைகளை முதலில் களைந்து படிப்படியாக உயர முடிகிறது.

இன்றைய நிலை

2001 இல் வெளியான அஜைல் அறிக்கை, விரிவான ஆவணங்களைவிட இயங்கும் மென்பொருளுக்கும் வாடிக்கையாளருடனான ஒத்துழைப்புக்கும் முதன்மை தந்தது. 2011 இல் பழைய 830 வழிகாட்டிக்கு மாற்றாக 29148 என்ற பன்னாட்டுத் தரநிலை வந்தது. ஆவணத்தின் வடிவம் காலந்தோறும் மாறினாலும், பயன்படுத்தப் போகிறவரை முதலில் கேட்க வேண்டும் என்ற பாடம் மாறவில்லை.