கேட் தேர்வும் கடிகாரமும்: ஒரு குட்டி வரலாறு

எம்.பி.ஏ. கனவோடு கேட் தேர்வுக்குத் தயாராகும் யாரும் பழைய வினாத்தாள்களைப் புரட்டாமல் இருப்பதில்லை. நல்ல பழக்கம்தான். ஆனால் அது எந்த வருடத்துத் தாள், அப்போது எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்று பார்க்காமல் பயிற்சி செய்தால் வேகம் கூடாது, குழப்பம்தான் கூடும். அதனால் கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

2003 நவம்பரில் நடந்த தேர்வில் 150 கேள்விகள், 2 மணி நேரம். ஒரு கேள்விக்கு 48 விநாடிதான்! (அந்த வினாத்தாள் முன்கூட்டியே வெளியாகி, 2004 பிப்ரவரியில் மறுதேர்வு நடந்தது தனிக்கதை.) 2005-ல் கேள்விகள் 90 ஆகக் குறைந்தன. 2006-ல் 75 கேள்விகளுக்கு இரண்டரை மணி நேரம், அதாவது கேள்விக்கு 2 நிமிடம். 2009-ல் காகிதம் போய்க் கணினி வந்தது: 60 கேள்விகள், 135 நிமிடம்.

உண்மையான திருப்பம் 2011-ல்தான். அதுவரை மொத்த நேரத்தையும் நம் இஷ்டப்படி பங்கிட்டுக்கொள்ளலாம். கணக்கு மெதுவாக வரும் என்னைப் போன்ற பி.காம். மாணவர்கள் ஆங்கிலத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு, மிச்ச நேரத்தைக் கணக்குக்குக் கொடுக்கலாம். 2011-ல் இரண்டு பகுதிகள், தலா 70 நிமிடம் என்று பூட்டுப் போட்டார்கள். 2014-ல் மட்டும் பூட்டு திறந்தது. 2015-ல் மூன்று பகுதிகள், தலா 60 நிமிடம் என்று மறுபடியும் பூட்டு. 2020-ல் அது 40 நிமிடமாகச் சுருங்கியது.

இதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்ளலாம்? முதலாவது, இனி ஒரு பகுதியின் நேரத்தை இன்னொன்றுக்குக் கடன் வாங்க முடியாது. ஆகவே கணக்கைத் தனியாக 40 நிமிடம் வைத்துப் பழக வேண்டும். பழைய தாளில் படிக்க வேண்டியது கேள்வியை, அதன் நேரக்கணக்கை அல்ல.

இரண்டாவது, எல்லாக் கேள்விக்கும் விடை எழுதியே தீர வேண்டும் என்பதில்லை. பர்சென்டைல் என்பது மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தரும் இடம். சரியான விடைக்கு 3 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், சராசரி லாபம் பூஜ்யம்! விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்விகளுக்கு மட்டும் தவறுக்குக் கழிவு இல்லை.

எனவே முதல் சுற்றில் எளியவற்றை முடியுங்கள். இரண்டு நிமிடத்தில் வழி தெரியாத கேள்வியைத் தயங்காமல் விட்டுவிடுங்கள். மாதிரித் தேர்வு முடிந்ததும் மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், எந்தக் கேள்வி எத்தனை நிமிடம் தின்றது என்றும் குறித்து வையுங்கள். வரவு செலவுக் கணக்கு எழுதுவது நமக்குப் பழகியதுதானே!