சுவரில் தொங்கிய சான்றுகள்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் இல்லங்களில் சட்டமிட்ட படங்கள்

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் தொழிலாளர் துறையின் ஆண்டறிக்கைகளையும் தோட்ட நிறுவனங்களின் ஆவணங்களையும் நாளிதழ்களையுமே சான்றாக நாடுகின்றனர். இவற்றுள் முதலிரண்டும் ஆண்டோர் குரலில் பேசுவன. மூன்றாவது படித்தோர் குரலில் பேசுவது. தோட்டத்து மக்கள் தாமே தெரிந்தெடுத்து, தம் பொருளைச் செலவிட்டு, தலைமுறை கடந்தும் பேணிய சான்று ஒன்று உண்டு. அது அவர்தம் வீட்டுச் சுவரில் தொங்கிய, கண்ணாடி போட்டுச் சட்டமிட்ட படங்களின் வரிசையாகும். இச்சான்றின் இயல்பையும் இன்று அது அடைந்துவரும் அழிவையும் பூச்சோங் வட்டாரத்தை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

பூச்சோங்கைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. இரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களுமாக இருந்த இப்பகுதி, 1980களின் இறுதி தொடங்கிப் பெரும் வேகத்தில் வீடமைப்புப் பகுதியாக மாறியது. 1996இல் பேரங்காடி வந்தது. 2016இல் இலகு இரயில் வந்தது. இன்று அங்கே தோட்டம் இருந்ததற்கான அடையாளங்களைத் தேடுவோருக்குக் கிட்டுவன சில கோயில்களும் கின்ராரா, காசல்பீல்டு முதலான பழம்பெயர்களைச் சுமந்து நிற்கும் தமிழ்ப்பள்ளிகளுமே. லயத்தில் வாழ்ந்தோருள் பலர் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். பலகைச் சுவரில் வேண்டிய இடத்தில் ஆணி அடிக்கலாம். காரைச் சுவரில் அஃது எளிதன்று. எனவே, லயத்தின் முன்னறையில் ஒரே வரிசையாகத் தொங்கிய படங்களுள் இரண்டோ மூன்றோ மட்டுமே புதுச்சுவரில் ஏறின. ஏனையவை துணியில் சுற்றப்பட்டுக் கட்டிலின் அடியில் தங்கின. வரிசை குலைந்த அந்நாளிலேயே சான்றின் ஒரு பகுதி மறைந்துவிட்டது. எந்தப் படத்தின் அருகில் எந்தப் படம் இருந்தது என்பதும் வரலாறே அன்றோ?

கண்ணாடியும் வழிபாடும்

படத்திற்குச் சட்டமிட்டுக் கண்ணாடி போடும் வழக்கம் தமிழரிடையே புதிதன்று. மராட்டியர் காலத் தஞ்சாவூர் ஓவியங்கள், பலாப்பலகையில் துணி ஒட்டி, சுதையால் புடைப்பு அமைத்து, பொன்தகடு பதித்துச் செய்யப்பெற்றவை. அவை சட்டத்தோடும் கண்ணாடியோடும் பூசை அறைக்குச் சென்றன. ஆயினும் அவை செல்வர்க்கே உரியனவாக இருந்தன. எளியோர் இல்லத்தில் படம் புகுவதற்கு அச்சுக்கலை வரவேண்டியிருந்தது. இரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம், எண்ணெய் ஓவியம் போன்றே தோன்றும் மெருகிட்ட வண்ணப்படங்களை வெளியிட்டது. பொறிகளும் வல்லுநரும் ஜெர்மனியிலிருந்து வந்தனர். பின்னர் அச்சகமே ஒரு ஜெர்மானியர் கைக்கு மாறியது. இலக்குமியும் சரசுவதியும் இன்று நாம் அறிந்துள்ள தோற்றத்தில் நிலைபெற்றமைக்கு இப்படங்களே பெரிதும் காரணம்.

மலாயாத் தமிழர்க்கு இன்னும் அணுக்கமானவர் கோவில்பட்டி சி. கொண்டையா ராஜு (1898–1976) ஆவார். மயிலாப்பூரில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, திருவண்ணாமலை இரமணாசிரமத்தில் சில காலம் தங்கி, நாடகக் குழுவிற்குத் திரை தீட்டியவராய்க் கோவில்பட்டியை அடைந்தவர் அவர். அவரும் அவர்தம் மாணாக்கர் டி.எஸ். சுப்பையா முதலானோரும் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசியில் நாட்காட்டிகளாக அச்சேறின. ஆண்டு முடிந்ததும் நாட்காட்டியின் தேதித்தாள் கட்டைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் சட்டமிடும் வழக்கம் தமிழகத்தைப் போன்றே இங்கும் பரவலாக இருந்தது. கடைக்காரர் இலவசமாகத் தந்த விளம்பரம் பூசைக்குரிய திருவுருவமாக மாறியது. கடையின் பெயர் அடியில் அப்படியே இருக்கும்; அதனை எவரும் குறையாகக் கருதியதில்லை. வரலாற்று மாணவருக்கோ அப்பெயர் ஒரு வரமாகும். எந்த ஊரில், எந்த மளிகைக் கடையோடு அக்குடும்பம் பற்றுவரவு வைத்திருந்தது என்பதை அஃது உணர்த்தக்கூடும்.

கண்ணாடியைப் பற்றி ஒன்று கூறவேண்டும். மேலைநாட்டுச் சட்டக் கலையில் கண்ணாடி என்பது படத்தைத் தூசியிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காக்கும் உறை. அது கண்ணுக்குப் புலப்படாமல் இருப்பதே அதன் சிறப்பு. தமிழர் இல்லத்திலோ கண்ணாடி வழிபாட்டின் தளமாகும். சந்தனமும் குங்குமமும் அதன்மீதே இடப்பெறுகின்றன. வெள்ளிதோறும் துடைத்து மீண்டும் இடப்பெறுகின்றன. கண்ணாடி இல்லையேல் காகிதப் படம் ஓராண்டும் தாங்காது. மனிதர் படத்திற்குப் பொட்டிட்டால் அவர் மறைந்துவிட்டார் என்பது பொருள். ஆகவே சட்டத்தின்மீது அமைந்த அச்சிறு செந்நிறப் புள்ளியே இறப்புச் செய்தியாகவும் நிற்கின்றது. அண்மைக் காலத்தில் எடை குறைவு என்பதற்காகக் கண்ணாடிக்கு மாற்றாகப் பொருத்தப்படும் அக்ரிலிக் தகடு இந்த அன்றாடத் துடைப்பில் விரைவில் கீறல் விழுந்து மங்கிவிடுகின்றது. கடைக்காரர் அதனைப் பரிந்துரைப்பதில் தவறில்லை. எனினும் அது நம் பயன்பாட்டிற்கு உரியதன்று என்பது நம் கருத்து.

முகம் பெற்றோரும் பெறாதோரும்

தெய்வப் படங்களை அடுத்து இடம்பெற்றவை மனிதர் படங்கள். இவற்றின் காலவரிசையை ஆராயுங்கால் ஓர் உண்மை புலப்படுகின்றது. கங்காணிகளும் கிராணிமாரும் நிழற்படக் கூடத்திற்குச் சென்று குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டனர். பால்வெட்டுத் தொழிலாளர்க்கு அஃது எட்டாத செலவாகும். அவர்களுள் மிகப் பலர்க்கு வாழ்வின் முதற்படமாக அமைந்தது அரசு கட்டாயப்படுத்தி எடுத்த படமே. அவசரகாலம் அறிவிக்கப்பட்ட 1948ஆம் ஆண்டிலேயே பன்னிரண்டு வயதை எட்டிய அனைவரும் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்னும் விதி வந்தது. நிழற்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை வழங்கப்பெற்றது. கிளர்ச்சியாளரிடமிருந்து குடிமக்களைப் பிரித்தறிவதே அதன் நோக்கம்.

மக்களோ அப்படத்திற்கு வேறொரு பயன் கண்டனர். குடும்பத்து முதியவர் மறைந்ததும் அடையாள அட்டையை நிழற்படக் கூடத்திற்கு எடுத்துச் சென்று, அச்சிறு படத்தைப் பெரிதாக்கி, மங்கிய இடங்களைத் தூரிகையால் திருத்தி, சட்டமிட்டு மாலை சூட்டினர். தோட்டத்து வீடுகளில் காணப்படும் பாட்டிமார் படங்கள் பலவற்றில் முகம் நேராகவும் இறுக்கமாகவும் சிரிப்பின்றியும் இருப்பதன் காரணம் இதுவே. அவர்கள் பார்த்தது பேரப்பிள்ளைகளை அன்று. பதிவு அதிகாரியின் கருவியை.

இங்கு 1948 என்னும் ஆண்டை மற்றோர் ஆண்டோடு பொருத்திக் காணவேண்டும். சயாம்–பர்மா மரண இரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து தமிழர் கொண்டு செல்லப்பெற்றது 1942–43இல். அங்குப் பல்லாயிரவர் மடிந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அடையாள அட்டைக் காலத்திற்கு முன்னரே மறைந்தவர்கள். எனவே பெரிதாக்குவதற்கும் சட்டமிடுவதற்கும் அவர்கள் முகம் எங்கும் பதிவாகியிருக்கவில்லை. ஐந்தாண்டு இடைவெளி அவர்களைச் சுவரிலிருந்து விலக்கிவிட்டது. குடும்ப வரலாற்றைக் கேட்டறியச் செல்வோர் சுவரில் உள்ள படங்களைச் சுட்டி, ‘இவர் யார், அவர் யார்’ என வினவுவது வழக்கம். நாமும் அவ்வாறே செய்து வந்தோம். அம்முறையில் படம் இல்லாதவர் விடுபட்டுப் போவர் என்பதைப் பிற்பட்டே உணர்ந்தோம். சுவரில் இல்லாதவர் யார் என்னும் வினாவும் உடன் எழுப்பப்படவேண்டும்.

தலைவர்களின் படங்கள் தனி ஆய்விற்குரியன. காந்தியடிகளும் நேருவும் நேதாஜியும் பெரியாரும், விடுதலைக்குப் பின்னர்த் துங்குவும் துன் சம்பந்தனும், இவர்களோடு எம்.ஜி.ஆரும் அவ்வரிசையில் இடம்பெற்றனர். பெரியார் 1929 இறுதியிலும் மீண்டும் 1954இலும் மலாயாவிற்கு வருகை புரிந்தார். அவர் வழிவந்தோர் கருமாதிக்கு மாற்றாகப் படத்திறப்பு நிகழ்ச்சியை மேற்கொண்டனர். மறைந்தவர் படத்தின்மீது போர்த்திய துணியை ஒருவர் விலக்க, பலர் நினைவுரை ஆற்றுவர். சடங்கை மறுத்தோரும் சட்டத்தை மறுக்கவில்லை. சமயத்தவரும் மறுப்பாளரும் ஒருசேர ஏற்றுக்கொண்ட பொருள் அது ஒன்றே போலும்!

சட்டத்தின் பின்புறம்

இனி, நாமே இழைத்த பிழை ஒன்றைக் கூறவேண்டியுள்ளது. நம் குடும்பத்து மூத்தவர் ஒருவரின் படம் ஈரத்தால் பழுதுற்றிருந்தது. அதனைப் பிரேம் கடை ஒன்றில் புதுச்சட்டமிடக் கொடுத்தோம். ஒரு வாரத்தில் படம் பொலிவோடு திரும்பியது. பழைய சட்டத்தின் பின்புறம் என்ன இருந்தது எனப் பேச்சுவாக்கில் வினவியபோது, ‘பழைய தமிழ்ப் பேப்பரும் ஏதோ ஒரு கலியாணப் பத்திரிகையும்’ என்று விடை வந்தது. குப்பை வண்டி முந்திய நாளே வந்து சென்றுவிட்டது. ஆவணங்களைத் தேடி வெளிநாட்டு நூலகங்களில் ஆண்டுகளைக் கழித்த நாம், நம் வீட்டுச் சுவரில் இருந்ததைத் திருப்பிப் பார்க்கவில்லை.

பழங்காலச் சட்டங்களில் படத்திற்கும் பின்பலகைக்கும் இடையே, படம் ஆடாதிருக்கும் பொருட்டு, கைக்குக் கிட்டிய காகிதங்களை மடித்து வைப்பர். நாளிதழ்த் தாள், நாட்காட்டி அட்டை, அழைப்பிதழ் எனப் பலவும் அதில் அடங்கும். 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனின் ஒரு தாள் அங்கிருப்பின், அத்தாளின் நாளுக்கு முன்னர் அச்சட்டம் மூடப்பட்டிருக்க இயலாது என்பது உறுதி. ஓலைச்சுவடியின் காலத்தைக் கணிக்க நாம் படும் பாட்டோடு ஒப்பிடின் இஃது எத்துணை எளிய சான்று! படத்தின் பின்புறம் நிழற்படக் கூடத்தின் முத்திரையும், சிலவேளை பெயரும் ஊரும் கையெழுத்தில் காணப்படுவதும் உண்டு.

ஆயினும் கடைக்காரரைக் குறைகூற இயலாது. நாளிதழ்த் தாள் அமிலத்தன்மை உடையது. அஃது ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுத்து, தன்னோடு ஒட்டியிருக்கும் படத்தையும் பழுப்பேற்றும். நம் நாட்டு ஈரக்காற்றில் இவ்வழிவு மேலும் விரைவாகும். கண்ணாடியோடு நேராக ஒட்டி நிற்கும் நிழற்படம் ஈரம்பட்டால் அதனோடு பற்றிக்கொள்ளும். பிரிக்க முனைந்தால் முகமே உரிந்து வரும். சுவரோடு ஒட்டிய மரச்சட்டம் கறையானுக்கு வழியாகும். எனவே பழந்தாளை நீக்குவதும், அமிலமற்ற அட்டையை வைப்பதும், கண்ணாடிக்கும் படத்திற்கும் இடையே சிறு இடைவெளி விடுவதும் தேவையே. படத்தைக் காப்பதற்குத் தாள் நீங்கவேண்டும். வரலாற்றைக் காப்பதற்குத் தாள் வேண்டும். பிரித்தெடுத்த தாள்களை உறையிலிட்டு உரியவரிடம் ஒப்படைப்பதே செய்யத்தக்கது. அதற்குக் கடைக்காரருக்கு ஆகும் செலவு ஓர் உறையின் விலையே.

பெட்டிச் சட்டங்கள்

அண்மை ஆண்டுகளில் படம் மட்டுமன்றிப் பொருள்களையும் சட்டத்துள் வைக்கும் வழக்கம் பெருகியுள்ளது. இரண்டு மூன்று அங்குல ஆழமுடைய, முன்புறம் கண்ணாடி பொருத்திய பெட்டி அது. ஐரோப்பாவில் பதக்கங்களையும் சிப்பி வேலைப்பாடுகளையும் இறந்தோர் கூந்தலாற் செய்த மாலைகளையும் இவ்வாறு வைத்துப் போற்றினர். கிள்ளான் பள்ளத்தாக்கில் பட்டமளிப்பு விழாப் படமும் குழந்தையின் முதற்காலணியும் இப்பெட்டிகளை அடைந்தன. தோட்டத்துப் பிள்ளைகளின் பிள்ளைகள் பால்வெட்டும் கத்தியையும் மங்கையும் கொண்டு வருகின்றனர். சட்டத்திற்கு முன்பெல்லாம் மிகுதியும் பயன்பட்ட இராமின் மரத்தின் வணிகம் 2005 தொடங்கிப் பன்னாட்டு ஒப்பந்தத்தின்கீழ்க் கட்டுப்பாட்டிற்கு உள்ளாயிற்று. பால் வற்றியபின் வெட்டப்படும் இரப்பர் மரம் அதன் இடத்தில் ஒரு பங்கைப் பெற்றது. பாட்டனாரின் கத்தி, அவர் வெட்டிய மரத்தின் இனத்தாலேயே செய்த பெட்டிக்குள் இருப்பதும் உண்டு.

இவ்வழக்கத்தில் நமக்கு ஒரு தயக்கமும் உள்ளது. பெட்டிக்குள் சென்ற கத்தி, யாருடையது, எந்தத் தோட்டத்தது, எந்த ஆண்டுவரை பயன்பட்டது என்னும் குறிப்பின்றிச் செல்கின்றது. தேய்ந்த பிடியையும் தீட்டித் தீட்டிக் குறுகிய அலகையும் மெருகிட்டுப் புதிதாக்கிவிடுகின்றனர். படங்களை அட்டையில் பசையிட்டு ஒட்டிவிடுவதால் அவற்றின் பின்புறம் என்றென்றைக்குமாக மூடப்படுகின்றது.

பூச்சோங்கில் நாம் கண்ட ஒரு பெட்டி இதற்கு விலக்கு. அதில் ஒரு மங்கு, ஒரு கத்தி, ஒரு சிறு நிழற்படம் ஆகியவை இருந்தன. படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதிய இரண்டு வரிகள் இருந்தமையால், பசை வேண்டாம் என அக்குடும்பத்து மூதாட்டி கூறினாராம். கடைக்காரர் படத்தின் நான்கு மூலைகளையும் காகித மடிப்புகளில் செருகி நிறுத்தினார். பின்பலகையில் அவ்விரு வரிகளின் அளவிற்கு ஒரு சாளரம் வெட்டி, அதற்கும் ஒரு துண்டுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். கூலியை அவர் கூட்டவில்லை. மூதாட்டி பெட்டியைச் சுவரிலிருந்து இறக்கித் திருப்பி, அவ்வரிகளை நமக்குப் படித்துக் காட்டினார்.