வாடகையே வேண்டாம் என்றவர்கள் வாடகைக்கு வந்த கதை

இணையத்தில் கடை திறந்தவர்கள் ஆரம்பத்தில் சொல்லிக்கொண்ட பெருமை ஒன்றுதான். எங்களுக்குக் கட்டடம் கிடையாது, வாடகை கிடையாது, அதனால்தான் விலையும் குறைவு! கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 2010க்குப் பிறகு அமெரிக்காவில் இதே நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் தெருவுக்கு வந்து, இரண்டு வாரம், ஒரு மாதம் என்று கடை போட ஆரம்பித்தன. இந்தத் தற்காலிகக் கடைகளைத்தான் பாப்-அப் கடை என்கிறார்கள். வாடகையே வேண்டாம் என்றவர்கள் ஏன் இடம் தேடி அலைந்தார்கள்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது இணைய நிறுவனங்களின் கண்டுபிடிப்பு அல்ல. (சில நாள் மட்டும் இருக்கும் கடை என்பது சந்தையும் திருவிழாவும் எவ்வளவு பழையவையோ அவ்வளவு பழையது.) பெரிய நிறுவனங்கள் இதை விளம்பர உத்தியாக எடுத்துக்கொண்டதுதான் புதிது. 2002 கிறிஸ்துமஸ் சமயத்தில் டார்கெட் நிறுவனம் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் ஒரு படகை நிறுத்தி, அதிலேயே இரண்டு வாரம் கடை நடத்தியது. அப்போது மன்ஹாட்டனில் அதற்கு ஒரு கடைகூட இல்லை! 2004இல் ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் ரெய் கவாகுபோவின் கொம் தே கார்சோன் நிறுவனம், பெர்லினில் பழைய புத்தகக் கடை ஒன்றைப் பிடித்து, அதிக அலங்காரம் எதுவும் இல்லாமல் கடை திறந்தது. லாபம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, ஒரு வருடத்தில் மூடிவிடுவது என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள்.

அதுவரை அமெரிக்காவில் நல்ல தெருவில் கடை வேண்டுமென்றால் பல வருடக் குத்தகையில் கையெழுத்துப் போட வேண்டும். புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கு அது கழுத்தில் கட்டிய கல். 2008 பொருளாதார நெருக்கடி இந்த நிலையை மாற்றியது. சர்க்யூட் சிட்டி போன்ற பெரிய மின்சாதனக் கடைகளே 2009இல் மொத்தமாக மூடப்பட்டன. பூட்டிக் கிடக்கும் கடையைவிட ஒரு மாத வாடகையாவது வரட்டுமே என்று கட்டட உரிமையாளர்கள் இறங்கி வந்தார்கள். பாப்-அப் கடைகள் பெருகியதற்கு இந்தக் காலி இடங்களே முக்கியக் காரணம். புதுமை, அனுபவம் என்றெல்லாம் பிறகு சொன்னார்கள்.

இனி வார்பி பார்க்கர் கதைக்கு வருவோம். வார்ட்டன் மேலாண்மைக் கல்லூரியில் படித்த நீல் புளுமெந்தால், டேவ் கில்போவா, ஆண்ட்ரூ ஹன்ட், ஜெஃப்ரி ரெய்டர் ஆகிய நான்கு பேர் 2010 பிப்ரவரியில் இணையத்தில் மூக்குக் கண்ணாடி விற்க ஆரம்பித்தார்கள். கில்போவா தன் விலை உயர்ந்த கண்ணாடியை விமானத்தில் தொலைத்துவிட்டு, புதிது வாங்கக் காசில்லாமல் தவித்ததுதான் தொடக்கம். இவர்கள் வைத்த விலை 95 டாலர். முகத்தில் போட்டுப் பார்க்காமல் கண்ணாடியை எப்படி வாங்குவது? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஐந்து பிரேம்களை இலவசமாக வீட்டுக்கே அனுப்பினார்கள். போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் போதுமாக இருந்தது.

பத்திரிகைகளில் செய்தி வந்ததும் ஆர்டர்கள் குவிந்தன. வீட்டுக்கு அனுப்பும் பிரேம்கள் சில நாட்களிலேயே தீர்ந்துபோயின. அப்போதுதான் சிலர் தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்கள் அலுவலகத்துக்கு வந்து பார்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். அலுவலகமா? பிலடெல்பியாவில் புளுமெந்தால் குடியிருந்த வீடுதான் அலுவலகம்! வரச் சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேசையில் கண்ணாடிகளை அடுக்கி வைத்தார்கள். கணினித் திரையில் எத்தனை படம் காட்டினாலும் தீராத சந்தேகம் அந்த மேசையில் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. நிறுவனத்தின் முதல் கடை அந்த மேசைதான் என்றால் தவறில்லை.

2011 இறுதியில் நியூயார்க்கின் சோஹோ பகுதியில் பண்டிகைக் காலத் தற்காலிகக் கடை. 2012இல் ஒரு மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்தை வாங்கி, உள்ளே மரத்தில் அலமாரி அடித்து, கண்ணாடிகளை வைத்து ஊர் ஊராக ஓட்டினார்கள். வந்தவர்கள் போட்டுப் பார்த்துப் பிடித்ததை ஆர்டர் செய்வார்கள். கண்ணாடி பின்னால் தபாலில் வரும். பார்க்க விளையாட்டாகத் தெரிந்தாலும் எந்த ஊரில் எவ்வளவு கூட்டம் என்ற கணக்கு இலவசமாகக் கிடைத்தது. குத்தகையில் கையெழுத்திடும் முன் இதைவிட மலிவான பரிசோதனை வேறென்ன இருக்கிறது? 2013 ஏப்ரலில் சோஹோவின் கிரீன் தெருவில் முதல் நிரந்தரக் கடை திறந்தது. 2019இல் நிறுவனத்தின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கடைகளிலிருந்து வந்தது. 2021இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது கடைகளின் எண்ணிக்கை 140ஐத் தாண்டியிருந்தது.

மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. 2011 டிசம்பரில் ஈபே லண்டனின் சோஹோவில் சில நாட்களுக்கு மட்டும் ஒரு கடை போட்டது. கல்லாப்பெட்டி கிடையாது, பொருளின் பக்கத்தில் இருக்கும் குறியீட்டைக் கைபேசியில் படம் பிடித்து இணையத்திலேயே வாங்க வேண்டும். கடை போட்டும் கடை போடாத மாதிரி!

பாப்-அப்பின் உண்மையான வசதி இதுதான். 'தற்காலிகம்' என்று சொல்லிவிட்டால், கடையே வேண்டாம் என்ற பழைய பேச்சை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். எவர்லேன் என்ற ஆடை நிறுவனத்தின் நிறுவனர் மைக்கேல் பிரெய்ஸ்மன், கடை திறப்பதைவிட நிறுவனத்தையே மூடிவிடுவோம் என்ற பொருளில் 2012இல் பேசியவர். பிறகு தற்காலிகக் கடைகள் வந்தன. 2017 டிசம்பரில் சோஹோவின் பிரின்ஸ் தெருவில் எவர்லேனின் நிரந்தரக் கடை திறந்தது.

எல்லோருக்கும் இது பலிக்கவும் இல்லை. அமேசான் 2014 முதல் வணிக வளாகங்களில் சிறு சிறு பாப்-அப் கடைகளை வைத்துத் தன் கிண்டில், எக்கோ கருவிகளைக் காட்டிவந்தது. அங்கே நின்று பார்த்தவர்கள் எந்தக் கணத்திலும் அதே பொருளைக் கைபேசியில் வாங்கிக்கொள்ளலாம். 2019 மார்ச்சில், அமெரிக்காவில் இருந்த 87 பாப்-அப் கடைகளையும் மூடப்போவதாக அமேசான் அறிவித்தது. 'தற்காலிகம்' என்ற சொல் அங்கே வேலை பார்த்தவர்களுக்கும் பொருந்திப்போனது.