குடியேறியோரின் பேரன்

பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவே அமைந்த ஹவாய், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு மாநிலம். அங்கே கவர்னர் நம் நாட்டில் போல நியமனம் பெறுபவர் அல்லர்; மக்களின் வாக்கினால் பதவி பெறுபவர். 2014ஆம் ஆண்டு அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட டேவிட் இகே, ஓகினாவா வழியினருள் அமெரிக்காவில் கவர்னரான முதலாமவர். ஒரு சிறு சமூகம் இந்நிலையை எய்தியது எவ்வாறு?

ஓகினாவா ஒரு காலத்தில் ரியூக்யூ என்னும் தனி அரசாக விளங்கியது. 1879இல் ஜப்பான் அதனைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அங்கு வறுமை மிகுந்திருந்த நாளில், கியூஸோ தோயாமா என்பவரின் முயற்சியால் 26 ஆடவர் கடல் கடந்து, 1900 ஜனவரி 8ஆம் நாள் ஹவாயில் கரையிறங்கினர். கரும்புத் தோட்டங்களில் கங்காணிகளின் கீழ் உழைத்தனர். முன்னரே அங்குக் குடியேறியிருந்த பிற ஜப்பானியர் இவர்களைத் தம்மவராகக் கொள்ளவில்லை. இவர்களுடைய பேச்சும் வழக்கமும் வேறென்று ஒதுக்கினர். பன்றி வளர்ப்போர் என்று எள்ளினர்.

எள்ளலுக்கு இலக்கான அத்தொழிலே பின்னர்ப் பெருமை தேடித் தந்தது. 1945இல் நிகழ்ந்த போரில் ஓகினாவா பாழ்பட்டது. ஹவாய்வாழ் ஓகினாவா மக்கள் பொருள் திரட்டி, 1948இல் 550 பன்றிகளை வாங்கி, எழுவர் துணையோடு கப்பலேற்றித் தாயகத்துக்கு அனுப்பினர். 1951இல் அவர்களுடைய ஊர்ச் சங்கங்கள் ஒன்றுகூடி ஒரு பொதுச் சங்கத்தை நிறுவின.

1974இல் ஜார்ஜ் அரியோஷி, ஜப்பானிய வழியில் வந்த முதல் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் முன்னோர் ஓகினாவாவினர் அல்லர். ஓகினாவா வழியினர் மேலும் 40 ஆண்டுகள் காத்திருந்தனர்.

இகே மூன்றாம் தலைமுறையினர், தொழிலால் பொறியாளர். அவருடைய தந்தை இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் நின்று ஐரோப்பாவில் போரிட்டவர். 57 வயதான இகே, தம் கட்சியையே சேர்ந்த 76 வயதுக் கவர்னர் நீல் அபர்க்ராம்பியை எதிர்த்து, கட்சி வேட்பாளரைத் தெரிவு செய்யும் முதற்கட்டத் தேர்தலில் நின்றார். பணபலம் எதிர்த்தரப்பிலேயே மிகுந்திருந்தது. அறநிலையச் சங்கங்கள் வேட்பாளருக்காகப் பிரசாரம் செய்வதை அமெரிக்கச் சட்டம் தடுக்கிறது. ஆகவே சங்கம் விலகி நிற்க, ஓகினாவா வழியினர் தனி மனிதராகவே அவருக்குத் துணைநின்றனர். சாலையோரத்தில் வேட்பாளரின் பெயர்ப்பலகை ஏந்திக் கையசைப்பது அத்தீவுகளின் தேர்தல் வழக்கம். பொருள் குறைந்தோர்க்கும் இயலும் தொண்டு அது.

முதற்கட்டத்தில் இகே எதிராளியைவிட இருமடங்குக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றார். பதவியிலிருந்த கவர்னர் ஒருவர் அங்கே தோற்றது 1962க்குப் பின் அதுவே முதன்முறை. நவம்பர் மாதப் பொதுத் தேர்தலிலும் இகே வென்றார். 2018இல் மீண்டும் வென்று, 2022 வரை பதவி வகித்தார்.

இவ்வெற்றியை இனப்பற்றின் வெற்றி என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. எந்த ஓர் இனமும் ஹவாயில் பெரும்பான்மை அன்று. ஆசிரியர் சங்கம் அவரை ஆதரித்தது. பழைய ஆட்சியில் மனக்குறை கொண்ட பலரும் அவர் பக்கம் சாய்ந்தனர். சொந்த இனத்தாரின் அன்பு ஒரு வேட்பாளரை வாயில்வரை கொண்டுவந்து நிறுத்தும்; கதவைத் திறப்பது பிறருடைய நம்பிக்கையே. அண்டை வீட்டாரே தம்மவர் என்று கொள்ளத் தயங்கிய மக்களின் பேரனை, பல இனத்தாரும் கூடித் தம்மவராக ஏற்றனர். அந்த ஏற்புக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.