நாற்பத்தோராவது ஆள்

சர்வர் விலைக்கும் கண்டனூருக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. எங்க வீட்டுல ஒரு சம்பந்தம் இருக்கு.

2007 ஏப்ரல்ல ஐபிஎம் ரெண்டு நடுத்தர சர்வர்களை அறிவிச்சது. பேரு சிஸ்டம் ஐ 515, 525. சித்தப்பாவோட சென்னை கம்பெனிக்கு இதுல எதை வாங்கலாம்னு கணக்குப் போட்டது நான்தான்.

இந்த மெஷின்களோட மூதாதை ஏஎஸ்/400. 1988 ஜூன் 21-ல் வந்தது. கறுப்புத் திரையில பச்சை எழுத்து. பில், சரக்கு இருப்பு, சம்பளம் எல்லாம் அதுல ஓடும். பின்னாடி ஐபிஎம் அந்தப் பச்சைத் திரைக்கே தனியா காசு வாங்க ஆரம்பிச்சது. உள்ளே இருக்கற வன்பொருள் ஒண்ணுதான். பச்சைத் திரை வேகமா ஓடணும்னா மட்டும் விலை எகிறும். வாடிக்கையாளர்கள் இதை வரின்னே திட்டினாங்க. என்னைக் கேட்டா, திட்டினது நியாயம்.

515-லயும் 525-லயும் அந்த வரி இல்லை. அதுக்குப் பதிலா, எத்தனை பேர் பயன்படுத்தறாங்களோ அதுக்கு ஏத்த காசு. ரெண்டுலயும் பவர்5+ ப்ராசஸர்தான். அமெரிக்க விலைப்படி, 5 பேரோட 515 கிட்டத்தட்ட 8,000 டாலர். 30 பேரோட 525 சுமார் 20,000. கூடுதலா வர்ற ஒவ்வொரு ஆளுக்கும் 250.

எங்க கம்பெனியில 30 பேர். 515 வாங்கி இன்னும் 25 பேரைச் சேர்த்தா 14,250. அதாவது 5,750 டாலர் மிச்சம். ரொம்பப் பெருமையா அந்தத் தாளை எடுத்துட்டு கண்டனூருக்குப் போனேன்.

ஐயா பட்டாலையில உக்காந்து படிச்சாங்க. அவுக அப்பச்சி பர்மாவுல பெட்டியடிக்கு ஏஜெண்டா இருந்தவுக. ஏஜெண்டுன்னா மூணு வருஷக் கணக்கு. கப்பல் ஏறும்போதே சம்பளச் சீட்டு எழுதி, மூணு வருஷம் கழிச்சு ஐந்தொகை எடுத்துத்தான் லாப நட்டம் பேசுவாங்க. வாங்கின அன்னிக்கு இருந்த விலையை வெச்சு யாரும் பேச மாட்டாங்க.

“515-ல எத்தனை பேர் வரைக்கும் உக்காரலாம்?”

“40 பேர் ஐயா.”

“மூணு வருஷத்துல 41-வது ஆள் வந்தா?”

தாளைத் திருப்பி வாங்கிக்கிட்டேன். அதுல அந்தக் கட்டமே இல்லை. 41-வது ஆள் வந்தா வேற மெஷின்தான். டேட்டாவை மாத்தற கூலி, ஒரு வார இறுதி கடையடைப்பு, பழைய மெஷினோட அடிமாட்டு விலை எல்லாம் அந்தப் பக்கம் ஏறும்.

525 வாங்கினோம்.

2008 ஏப்ரல்ல ஐபிஎம் சிஸ்டம் ஐ-யையும் யூனிக்ஸ் சர்வர்களான சிஸ்டம் பி-யையும் ஒண்ணாக்கி பவர் சிஸ்டம்ஸ்னு புது வரிசை கொண்டு வந்தது. எங்க மூணு வருஷக் கணக்குல அப்போ ஒரு வருஷம்கூட முழுசா முடியலை.