தென்னகத்தின் முதல் ஊமைப்பட ஸ்டுடியோ

சினிமா என்றாலே கோடம்பாக்கம் என்கிறோம். ஆனால் தமிழர் ஒருவர் அந்தத் தொழிலில் இறங்கிய கதை நம் திருச்சியில் தொடங்குகிறது. இங்கே தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியையும் சில படங்களையும் வாங்கினார். வேலையை விட்டுவிட்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார்.

அவர் வாங்கியவை வெளிநாட்டுப் படங்கள். நம் கதையை நம் ஆட்களை வைத்து எடுக்க மேலும் பத்தாண்டுக்கு மேல் ஆனது. அதைச் செய்தவர் ஆர். நடராஜ முதலியார். வேலூர்க்காரர், சென்னையில் மோட்டார் உதிரி பாக வியாபாரி. பூனா சென்று ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரரிடம் கேமராவை இயக்கக் கற்றார். 1917 வாக்கில் சென்னை கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் சாலையில் 'இந்தியா பிலிம் கம்பெனி' என்ற ஸ்டுடியோவைத் தொடங்கினார்.

இன்றைய ஸ்டுடியோவை மனதில் வைக்காதீர்கள். அங்கே விளக்கு, சூரியன்தான். வெயில் கடுமையாக விழாமலிருக்க மேலே வெள்ளைத் துணி கட்டினார்கள். கேமராவைக் கையால் சுற்ற வேண்டும். பிலிம் கழுவும் கூடத்தை, குளிர்ச்சியான ஊர் என்பதால், பெங்களூரில் வைத்தார். இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாமே முதலியார்தான்.

அப்படி உருவானது 'கீசக வதம்'. சுமார் 6,000 அடி நீளம், செலவு சுமார் 35,000 ரூபாய். வசனத்துக்குப் பதில் தமிழிலும் பிற மொழிகளிலும் எழுத்து அட்டைகள். படம் லாபம் தந்தது. அடுத்தடுத்துப் புராணப் படங்கள் வந்தன. ஆனால் தீ விபத்தில் மகனை இழந்தார் முதலியார். 1923-இல் படத் தொழிலையே விட்டுவிட்டார்.

அந்தக் காலத்து பிலிம் எளிதில் தீப்பற்றும். சும்மா வைத்தாலும் நாளடைவில் சிதையும். அதைப் பாதுகாக்க வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. 'கீசக வதம்' படத்தில் ஓர் அடிகூட இன்று நமக்குக் கிடைக்கவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் திருச்சி, ஸ்ரீரங்கம் தியேட்டர்களின் பழைய நோட்டீசு, பாட்டுப் புத்தகம், புகைப்படம் ஏதேனும் இருக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் ஒரு முறை சங்க அலுவலகத்தில் காட்டுங்கள். போனில் படம் எடுத்துக்கொண்டு உங்களிடமே திருப்பித் தந்துவிடுவோம்.