பின்மனை யாருடையது?

நம் சங்கக் கட்டடத்தின் பின்கதவைத் திறந்தால் ஒரு காலி மனை. ஒரு மாமரம், பாதி இடிந்த சுவர், மழைக்காலத்தில் முழங்கால் உயரப் புல். கூட்டம் நடக்கும் நாள்களில் மோட்டார் சைக்கிள் நிறுத்துவதும், ரமலானில் நோன்புக் கஞ்சிக்கு அடுப்பு மூட்டுவதும் அங்கேதான். "அது நமக்கு வக்ஃபு செஞ்ச இடம்" என்று பெரியவர்கள் சொல்ல, நாமும் அப்படியே சொல்லி வந்தோம். பாலர் பள்ளி கட்ட வரைபடம்கூடப் போட்டாயிற்று. பொன்விழா மலருக்குச் சங்க வரலாறு எழுதும் பொறுப்பு எங்களிடம் வந்தபோது, அந்த மனையைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. அந்த வரிக்கு ஆதாரம் தேடப் போன கதைதான் இது.

பினாங்கில் நிலமும் வக்ஃபும் நம்மவர்க்குப் பழைய விவகாரம். 1801-இல் லெப்டினன்ட் கவர்னர் ஜார்ஜ் லீத், காதிர் முகைதீனை நம் சமூகத்தின் கப்பித்தானாக நியமித்து, பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலம் வழங்கினார். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்த இடம் அது. நூறு ஆண்டுக்குள் அந்த நிலத்தில் வீடும் கடையும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. 1905-இல் தனிச் சட்டம் இயற்றி, முகம்மதிய, இந்து அறநிலைய வாரியம் அமைத்து, இத்தகைய சொத்துகளைக் கவனிக்க வேண்டியதாயிற்று. அரசே எழுதிக் கொடுத்த நிலத்துக்கு அந்தக் கதி. நம் பின்மனைக்கோ எழுத்தே இல்லை.

எங்கள் குழுவில் ஒருவர் பாலிடெக்னிக்கில் நில அளவை படித்தவர். இப்போது துணிக்கடை வைத்திருக்கிறார். மாமர வேருக்கடியில் எல்லைக்கல்லைக் கண்டுபிடித்தவர் அவர்தான். வரைபடத்தில் லாட் எண்ணைப் பார்த்து, நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி, சாரியான் எடுத்தோம். ஒரே ஒரு தாள் வந்தது. அதில் இரண்டு பெயர்கள், ஆளுக்குப் பாதி. சங்கத்தின் பெயர் இல்லை. வக்ஃபு என்றால் மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் பொறுப்பில் இருக்க வேண்டும். அதன் பெயரும் இல்லை.

இத்தனை காலம் நாம்தானே புழங்கினோம், அதற்கு உரிமை கிடையாதா என்று சிலர் கேட்டார்கள். எங்களுக்கும் அந்த நப்பாசை இருந்தது. முன்பு பினாங்கில் பத்திரத்துக்கு முந்தைய பத்திரம், அதற்கும் முந்தையது என்று சங்கிலி போலத் தேடித்தான் உரிமையை நிலைநாட்ட வேண்டும். 1966 ஜனவரி 1-இல் தேசிய நிலச் சட்டம் நடப்புக்கு வந்த பிறகு, பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர். எவ்வளவு காலம் அனுபவித்தாலும் அடுத்தவர் நிலம் நம்முடையதாகாது என்று அதன் 341-ஆம் பிரிவு சொல்கிறது.

சரி, அந்த இருவர் யார்? சங்கத்தின் பழைய சந்தாப் புத்தகங்களைப் புரட்டினோம். நம்மவர் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தாக்கள் ஒரே காதிரை நான்கு விதமாக எழுதுவார்கள். எல்லா விதத்திலும் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் எண்பது வயது தாண்டிய ஒரு பெத்தாவிடம் தாளைப் படித்துக் காட்டினோம்.

"அட, மசாலா சாச்சியும் அவுங்க அண்ணனும்! அந்த இடிஞ்ச சுவரு அவுங்க வீடுதானே. அண்ணன் ஊருக்குப் போயி அங்கேயே மவுத்தாயிட்டாரு. சாச்சி மக வீட்டுக்குப் போறப்ப, இடம் சும்மாத்தானே கெடக்குது, கந்தூரிக்குச் சமைச்சுக்கோங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க."

சமைத்துக்கொள்ளச் சொன்னது நம் வாயில் வக்ஃபாக மாறியிருக்கிறது.

சாச்சியின் பேரனை சுங்கை பட்டாணியில் கண்டோம். எங்களை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்துவிட்டு, உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். ஆண்டு தவறாமல் கட்டிய நிலவரி ரசீதுகள். அவர்கள் வரி கட்டிய மனையில் நாம் வண்டி நிறுத்தியிருக்கிறோம். எங்களுக்குப் பேச்சு வரவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "உம்மா மவுத்தாகும் முன்னாடி அந்த எடத்தை விட்டுடாதேன்னு சொன்னாங்க" என்றார்.

பெயர் மாற்றம் இன்னும் நடக்கவில்லை. சாச்சியின் பங்குக்கு வாரிசுகள் இங்கே இருக்கிறார்கள். 1955-ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி நில அலுவலகத்தில் மனுக் கொடுக்கப் போகிறார்கள். மனு எழுத, பராயிள் பத்திரம் எடுக்க நாங்கள் உதவுகிறோம். அண்ணனின் பாதிதான் சிக்கல். அவர் வாரிசுகள் இந்தியாவில் எங்கே என்று பேரனுக்கும் தெரியவில்லை.

பாலர் பள்ளி வரைபடத்தை நிர்வாகக் குழு ஒத்திவைத்துவிட்டது. அதுவரை மனையைப் புழங்கிக்கொள்ளப் பேரன் சம்மதித்திருக்கிறார். இவ்வாண்டு நிலவரியைச் சங்கம் கட்டட்டும் என்றோம். அதற்கு அவர் ஒப்பவில்லை.

சங்கத்துக்குப் பின்னால் மசாலா அரைத்து விற்ற அந்தக் குடும்பத்தை அறிந்தவர்கள், அண்ணனோடு கப்பலில் ஊர் போனவர்கள், அவர் எழுதிய கடிதம் எதையாவது வைத்திருப்பவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், சங்கச் செயலாளரிடம் தெரிவியுங்கள்.